எண்ணிக்கொண்டிருக்கும் மருமகளுக்கு

தூத்துக்குடி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது. காலையில் கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு வருகிறான். உன் அம்மா உனக்கு அனுப்ப மக்ரூனும் கருப்பட்டி மிட்டாயும் வாங்கி வைத்திருக்கிறாள். ஊருக்கு வருகிறவர் யாராவது கிடைத்தால் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் போனில் நீ கேட்டது மனசிலேயே இருக்கிறது. "தினமும் தட்டு தட்டாக நுண்ணுயிர்க் காலனி எண்ணுகிறேன் அத்தை. எண்ணினதை நோட்டில் எழுதுகிறேன். இது யாருக்கு உதவப் போகிறது? பேசாமல் அந்தக் கம்பெனி வேலைக்கே போய்விடவா?" என்றாய். உன் குரலில் அலுப்பைவிடக் கவலைதான் அதிகம் இருந்தது. அதற்குப் போனில் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்லூரி நூலகத்தில் ஆய்விதழ்ப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் படிக்கும் பழக்கம் விடவில்லை. படித்ததில் உனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

முதலில் பணக் கவலையைப் பேசிவிடுவோம். உன் ஆய்வு உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாவது உண்மையான கஷ்டம். கதை சொல்லி அதை ஆற்ற முடியாது. விடுதிக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் தள்ளிப்போடக்கூடியவை அல்ல. அந்த இடைவெளிக்கு என் ஓய்வூதியம் இருக்கிறது. கூச்சப்படாமல் கேள். பணம் ஒன்றுதான் காரணம் என்றால் அதற்காக நீ படிப்பை விட வேண்டாம். மிச்சமிருக்கும் கேள்வி, இது யாருக்கு உதவும் என்பது. அதைப் பற்றித்தான் விரிவாக எழுதப்போகிறேன்.

நீ மாதிரி எடுக்கும் உப்பளத்திலிருந்தே தொடங்குகிறேன். ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்குக் கரையில் அலிகாந்தே என்று ஓர் ஊர். அதன் பக்கத்தில் சாந்தா போலா. நம் ஊரைப் போலவே அங்கும் கடல்நீரைப் பாத்தியில் தேக்கி, வெயிலில் காயவைத்து உப்பு எடுக்கிறார்கள். 1989-ல் அலிகாந்தே பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ்கோ மொஹிகா என்ற இளைஞர் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அவருக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு உனக்குக் கொடுக்கப்பட்டது போன்றதுதான். உப்பு அதிகமாகும்போதும் குறையும்போதும் அந்தப் பாத்தியில் வாழும் ஒரு நுண்ணுயிர் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்க வேண்டும். மருத்துவத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. யாரும் அப்படியொரு தொடர்பை எதிர்பார்க்கவும் இல்லை.

அந்த நுண்ணுயிரின் டிஎன்ஏவைப் படித்துக்கொண்டு போகும்போது அவருக்கு ஒரு விநோதம் தட்டுப்பட்டது. ஏறக்குறைய 30 எழுத்து நீளமுள்ள ஒரே வரிசை, சீரான இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வந்தது. செய்முறையில் ஏதோ கோளாறு என்று நினைத்து ஒதுக்கியிருக்கலாம். அவர் மறுபடி செய்து பார்த்தார். மறுபடியும் அதேதான். 1993-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். தேடிப் பார்த்ததில், 1987-லேயே ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தின் யோஷிசுமி இஷினோ குழு குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவில் இதுபோன்ற ஒன்றைக் கண்டு, இதன் பொருள் தெரியவில்லை என்று எழுதி வைத்திருந்தது தெரிந்தது. அந்த ஒரு குறிப்பை நினைத்துப் பார். புரியாத ஒன்றைப் புரியவில்லை என்று நேர்மையாகப் பதிவு செய்து வைத்தார்கள். உப்பளத்திலும் மனிதக் குடலிலும் வாழும் இரு வேறு உயிர்களில் ஒரே அமைப்பு இருந்தால் அதற்கு ஒரு வேலை இருக்கத்தான் வேண்டும் என்று மொஹிகா யோசிக்க அந்தக் குறிப்பும் உதவியது.

அந்த வேலை என்ன என்று கண்டுபிடிக்க இன்னும் பத்து ஆண்டு ஆனது. திரும்பத் திரும்ப வரும் வரிசைகளுக்கு நடுவே உள்ள துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரவுத்தளத்தில் தேடிக்கொண்டே இருந்தார். 2003-ல் ஒரு துண்டு, ஈ.கோலையைத் தாக்கும் ஒரு வைரஸின் டிஎன்ஏவோடு ஒத்துப்போனது. அந்தத் துண்டை வைத்திருந்த பாக்டீரியாவை அந்த வைரஸ் ஒன்றும் செய்ய முடியாது என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். தன்னைத் தாக்கிய வைரஸின் ஒரு துண்டை பாக்டீரியா அடையாளத்துக்கு எடுத்து வைத்துக்கொள்கிறது, அடுத்த முறை அது வந்தால் கண்டுகொண்டு வெட்டிவிடுகிறது என்று அவர் புரிந்துகொண்டார். பெரிய இதழ்கள் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. 2005-ல்தான் ஓர் இதழ் வெளியிட்டது. கிரிஸ்பர் என்று நீ பாடத்தில் படித்தது இதைத்தான். தயிர் உறையவைக்கும் பாக்டீரியாவில் 2007-ல் அவர் ஊகம் நிரூபணமானது. 2012-ல் ஜெனிபர் டௌட்னாவும் இமானுவேல் சார்பென்டியரும் அதை டிஎன்ஏவை விரும்பிய இடத்தில் வெட்டும் கருவியாக மாற்றிக் காட்டினார்கள். 2020-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதற்கிடையே 2016-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் லியூவின் குழு, அந்தக் கருவியை வைத்தே டிஎன்ஏவின் இரண்டு இழையையும் வெட்டாமல் ஓர் எழுத்தை மட்டும் மாற்றும் வழியைக் கண்டது.

இப்போது 2024 ஆகஸ்டுக்கு வா. அமெரிக்காவின் பிலடெல்பியா பக்கம் ஓர் ஆண் குழந்தை பிறக்கிறது. பிறந்த சில நாளிலேயே அதன் ரத்தத்தில் அம்மோனியா ஏறுகிறது. புரதம் செரிக்கும்போது உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றி வெளியேற்ற வேண்டும். அந்த வேலையைத் தொடங்கிவைக்கும் சிபிஎஸ்1 என்ற நொதி அந்தக் குழந்தைக்கு இல்லை. பத்து லட்சம் பிறப்புகளில் ஒன்றுக்கும் குறைவாக வரும் நோய். வந்த குழந்தைகளில் ஏறக்குறையப் பாதி சிசுப் பருவத்தைத் தாண்டுவதில்லை. பிழைத்தாலும் மூளை பாதிக்கப்படும். கல்லீரல் மாற்று அறுவை செய்யலாம், ஆனால் குழந்தை அதுவரை வளர்ந்து தாங்க வேண்டும்.

பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் ரெபெக்கா அரென்ஸ் நிக்லஸும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கிரண் முசுனூருவும் அந்த ஒரே குழந்தைக்காக ஒரு மருந்தை உருவாக்கினார்கள். குழந்தையின் மரபணுவில் பிழைபட்டிருந்த ஓர் எழுத்தை லியூ குழு கண்ட வழியில் திருத்தும் மருந்து. பல குழுக்கள் சேர்ந்து ஆறே மாதத்தில் அதை முடித்தன. 2025 பிப்ரவரியில் மிகக் குறைந்த அளவில் முதல் முறை செலுத்தினார்கள். மார்ச்சிலும் ஏப்ரலிலும் மறுபடி செலுத்தினார்கள். குழந்தைக்கு முன்பைவிட அதிகப் புரதம் கொடுக்க முடிந்தது. அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் மருந்தைக் குறைக்க முடிந்தது. ஜூன் மாதம் குழந்தை வீட்டுக்குப் போனது.

மருத்துவர்கள் இதைப் பூரண குணம் என்று சொல்லவில்லை. அத்தனை சின்னக் குழந்தையின் கல்லீரலிலிருந்து சதை எடுத்துச் சோதிப்பது ஆபத்து. அதனால் எத்தனை செல்களில் திருத்தம் நடந்தது என்று நேரடியாக அளக்கவில்லை. வாழ்நாள் முழுக்கக் கண்காணிக்க வேண்டும் என்கிறார்கள். தாங்கள் அளந்தது எது, அளக்காதது எது என்று இரண்டையும் ஒரே கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். சாதனையைவிட அந்த எழுத்துதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அந்த மருந்து கல்லீரலுக்குள் போனது எப்படி என்பது இன்னொரு கதை. எழுத்தைத் திருத்தும் கருவியைச் செல்லே தயாரித்துக்கொள்ளும்படி, அதற்கான ஆணையை எம்ஆர்என்ஏவாக எழுதி, கொழுப்புத் துகளுக்குள் வைத்து ரத்தத்தில் செலுத்தினார்கள். எம்ஆர்என்ஏவை மருந்தாக்கலாம் என்று அதே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்கில் போராடியவர் ஹங்கேரியிலிருந்து வந்த கேட்டலின் கரிக்கோ. ஆராய்ச்சிக்குப் பணம் கிடைக்கவில்லை. 1995-ல் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். அப்போதும் அவர் அந்த வேலையை விடவில்லை. சில ஆண்டு கழித்து, கட்டுரைகளை ஜெராக்ஸ் எடுக்கும் இடத்தில் ட்ரூ வைஸ்மன் என்ற நோயெதிர்ப்பியல் ஆய்வாளரோடு பேச்சு கொடுத்தார். இருவரும் சேர்ந்து, எம்ஆர்என்ஏவில் ஓர் எழுத்தைச் சற்றே மாற்றினால் உடல் அதை எதிரியாகக் கருதாது என்று 2005-ல் காட்டினார்கள். எம்ஆர்என்ஏ வகைக் கொரோனாத் தடுப்பூசி வந்தது அதனால்தான். 2023-ல் நோபல் பரிசும் வந்தது.

மொஹிகா அந்த விநோத வரிசையைப் பற்றி எழுதிய 1993-ல், பிலடெல்பியாக் குழந்தை பிறக்க இன்னும் 31 ஆண்டு இருந்தது. இது யாருக்கு உதவும் என்று அன்று அவரைக் கேட்டிருந்தால், அவரால் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? சொல்லத் தெரியாத அந்த நிலையிலேயே அவர் அதைச் சரியாகச் செய்து வைத்தார். நான் உனக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான் மருமகளே. ஓர் ஆய்வைச் செய்யும்போதே அது எதற்கு என்று தெரிந்துகொள்ளும் வசதி பெரும்பாலும் ஆய்வாளருக்குக் கிடையாது. அவர் கையில் இருப்பது அதை உண்மையாகச் செய்வதும், பின்னால் வருகிறவருக்குப் புரியும்படி எழுதி வைப்பதும்தான்.

இது உயிரியலுக்கு மட்டும் பொருந்தும் என்று நினைக்காதே. நான் நூலகக்காரி. எனக்கு மிகவும் பிடித்த கதை சுவடிகளைப் பற்றியது.

கி.பி. 79-ல் இத்தாலியில் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பொம்பெயி நகரோடு ஹெர்குலேனியம் என்ற ஊரும் புதைந்தது. அங்கே ஒரு பெரிய மாளிகையில் நூலகம் இருந்தது. பாப்பிரஸ் தாளில் எழுதிச் சுருட்டிய நூற்றுக்கணக்கான சுவடிகள் எரியாமல், அந்தச் சூட்டில் அப்படியே கரிந்து போயின. 1752-ல் தோண்டியெடுத்தபோது அவை பார்க்க அடுப்புக்கரிக் கட்டை போலவே இருந்தன. தொட்டால் உதிரும். கத்தியால் பிளந்து பார்த்தார்கள், ரசாயனம் ஊற்றிப் பார்த்தார்கள், பல சுவடிகள் பாழாயின. அந்தோனியோ பியாஜியோ என்ற துறவி, நூலில் கட்டி மெல்ல மெல்லப் பிரிக்கும் ஒரு கருவியைச் செய்தார். பிரிந்தவற்றில் பெரும்பாலும் பிலோடெமஸ் என்ற கிரேக்கத் தத்துவ அறிஞரின் எழுத்து இருந்தது. பிரிக்க முடியாத சுருள்களை நேப்பிள்ஸ் நூலகத்திலும் பாரிஸிலும் ஆக்ஸ்போர்டிலும் அப்படியே பாதுகாத்து வைத்தார்கள். படிக்கவே முடியாத புத்தகத்தை இருநூறு ஆண்டுக்கு மேல் தூசு தட்டி, பெட்டியில் வைத்து, பட்டியலில் எண் கொடுத்துக் காத்த நூலகர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

கென்டக்கி பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியர் பிரென்ட் சீல்ஸ். சுவடியைப் பிரிக்காமலேயே உள்ளே ஸ்கேன் எடுத்து, கணினியில் பிரித்துப் படிக்கலாம் என்று பல ஆண்டுகள் உழைத்தவர். சாக்கடல் பக்கம் ஏன்கெதியில் கிடைத்த ஒரு கரிந்த சுருளை அப்படிப் படித்துக் காட்டினார். விவிலியத்தின் லேவியராகமப் பகுதி அதில் இருந்தது. ஆனால் ஹெர்குலேனியம் சுவடி மசியவில்லை. எழுதிய மையும் கரி, தாளும் கரி. ஸ்கேனில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. இங்கிலாந்தின் டைமண்ட் ஒளிமூலக் கூடத்தில் மிக நுணுக்கமான எக்ஸ்ரே படங்கள் எடுத்த பிறகும் கண்ணுக்கு எழுத்து அகப்படவில்லை.

2023 மார்ச்சில் படங்களையெல்லாம் உலகத்துக்குத் திறந்துவிட்டு, படிப்பவருக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். ஒரு சிறு குழு, கசங்கிச் சுருண்ட தாளின் ஒவ்வோர் அடுக்கையும் கணினித் திரையில் கையால் தொடர்ந்து கோடு போட்டுக்கொண்டே வந்தது. அதற்குக் கைதட்டல் எதுவும் இல்லை. இயற்பியல் படித்த கேசி ஹேண்ட்மர், அந்த அடுக்குகளை மணிக்கணக்கில் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மை இருந்த இடத்தில் மட்டும் காய்ந்த சேறு வெடித்தது போன்ற ஒரு தடம் இருப்பதைக் கண்டார். அதை ஆதாரமாக வைத்து, நெப்ராஸ்கா பல்கலைக்கழக மாணவர் லூக் ஃபாரிட்டர் தன் நிரலைப் பழக்கினார். 2023 அக்டோபரில் முதல் சொல் வெளிப்பட்டது. ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. பெர்லினில் ஆய்வு மாணவரான யூசெஃப் நாதிர் தனியாக வேறு வழியில் அதே சொல்லைக் கண்டிருந்தார். பிறகு அந்த இருவரும் சூரிச்சில் படித்த ஜூலியன் ஷில்லிகரும் சேர்ந்தார்கள். 2024 பிப்ரவரியில் 15 பத்திகள், 2,000-க்கும் மேற்பட்ட எழுத்துகள் படிக்கக் கிடைத்தன. 7 லட்சம் டாலர் பரிசு அவர்களுக்குப் போனது. அரிதாகக் கிடைப்பது அதனாலேயே அதிக இன்பம் தருமா என்று அந்தப் பழைய எழுத்தாளர் உணவையும் இசையையும் வைத்து யோசித்துக்கொண்டிருக்கிறார். ஆக்ஸ்போர்டில் உள்ள இன்னொரு சுருளின் தலைப்பு 2025 மே மாதம் தெரியவந்தது. அது பிலோடெமஸ் தீய குணங்களைப் பற்றி எழுதிய நூல்.

நிரல் காட்டியது மங்கலான எழுத்து வடிவங்களைத்தான். அது எழுத்தா, வெறும் கறையா, எழுத்தென்றால் எந்தச் சொல் என்று முடிவு செய்தவர்கள் நேப்பிள்ஸின் ஃபெதெரிக்கா நிக்கொலார்தி போன்ற பாப்பிரஸ் அறிஞர்கள். வேலை கிடைக்காத படிப்பு என்று உலகம் ஒதுக்கும் பண்டைக் கிரேக்கத்தை வாழ்நாள் முழுக்கப் படித்தவர்கள். அவர்கள் இல்லாமல் அந்தப் பரிசுக்கு நடுவர்களே இருந்திருக்க மாட்டார்கள். கணினிக்காரர், இயற்பியலார், மொழியறிஞர், பெட்டியைக் காத்த நூலகர் எல்லாரும் சேர்ந்தால்தான் ஒரு வரி படிக்க முடிந்தது.

கையால் செய்யும் வேலை என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மாலா மூர்த்தி, செபாஸ்டியன் சியுங் தலைமையிலான கூட்டுக்குழு பழ ஈயின் முழு மூளை வரைபடத்தை வெளியிட்டது. ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத அந்த மூளையில் 1,39,255 நரம்புச் செல்கள், 5 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள். மூளையை ஏறக்குறைய 7,000 மெல்லிய சீவல்களாக அறுத்து, மின்நுண்ணோக்கியில் படம் எடுத்தார்கள். எந்த இழை எங்கே போகிறது என்று செயற்கை நுண்ணறிவு தொடர்ந்தது. ஆனால் அது அங்கங்கே இழையை அறுத்தது, வேறு இழையோடு ஒட்டிவிட்டது. அந்தப் பிழைகளையெல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். பல நாட்டு ஆய்வகங்களும், ஆர்வத்தால் சேர்ந்த சாதாரண மக்களும் அதில் உண்டு. ஒருவரே செய்திருந்தால் 30 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதற்கு முன்னோடியான புழுவின் நரம்பு வரைபடம் 1986-ல் கேம்பிரிட்ஜில் வந்தது. 302 செல்கள்தான். அதைக் கையாலேயே வரைந்து முடிக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. நீ காலனி எண்ணுவதைக் கீழான வேலை என்று யாராவது சொன்னால், இந்த இரண்டையும் அவர்களுக்குச் சொல்.

உன் அப்பா கட்டட ஒப்பந்ததாரராக இருந்தவன் ஆயிற்றே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு சிமென்ட் செய்தியைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7.5 சதவீதம் சிமென்ட்டால் வருகிறது. சூளையை எரிப்பதால் மட்டும் அல்ல. சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே அந்த வாயு பிரிகிறது. பாதிக்கு மேல் அப்படி வருவதுதான். சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அதைத் தடுக்க முடியாது. சிரில் டனன்ட் என்ற ஆய்வாளர் ஒன்றைக் கவனித்தார். பழைய இரும்பை மின் உலையில் உருக்கும்போது கசடு பிரிய சுண்ணாம்பு போடுவார்கள். இடித்த கட்டடத்துக் காங்கிரீட்டிலிருந்து பிரித்த பழைய சிமென்ட்டின் சேர்க்கையும் கிட்டத்தட்ட அதுவேதான். சுண்ணாம்புக்குப் பதில் அதைப் போட்டு, மிதந்து வரும் கசடை வேகமாகக் குளிரவைத்தால் புது சிமென்ட்டுக்கான கிளிங்கர் கிடைக்கிறது. கல்லைப் புதிதாகச் சுட வேண்டியதில்லை, இரும்புக்கு மூட்டிய சூடே இதற்கும் ஆகிறது. 2024 மே மாதம் நேச்சர் இதழில் வந்தது. உலகத்துக்கு வேண்டிய சிமென்ட் முழுவதையும் இப்படிச் செய்ய முடியாது. எவ்வளவு பழைய இரும்பு உருகுகிறதோ அவ்வளவுக்குத்தான் இடம். அதையும் அவர்கள் மறைக்கவில்லை. இரும்பு உலையும் சிமென்ட் சூளையும் இரண்டு தனித் தொழில்கள். இரண்டின் ரசாயனத்தையும் ஒருசேரத் தெரிந்த ஒருவர் இருந்ததால்தான் இந்த யோசனை பிறந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, நீயும் மொஹிகா ஆவாய் என்று அத்தை ஆறுதல் சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்ளாதே. அப்படிச் சொன்னால் அது பொய்யான ஆறுதல். எத்தனையோ பேரின் கட்டுரைகள் யாரும் புரட்டாமலேயே நான் வேலை பார்த்த அலமாரிகளில் இருந்தன. உன் கட்டுரையும் அங்கே போய்ச் சேரலாம். ஆனால் எது புரட்டப்படும், எது புரட்டப்படாது என்று முன்கூட்டியே பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஒசாகாவில் எழுதிய அந்த ஒரு குறிப்பும் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்ததுதான். பயன் தெரிந்த வேலைக்கு மட்டும்தான் பணம் என்று உலகம் முடிவு செய்திருந்தால், உப்பளத்து ஆய்வும் நடந்திருக்காது, எம்ஆர்என்ஏவும் வந்திருக்காது, கரிந்த சுவடியை யாராவது குப்பையில் கொட்டியிருப்பார்கள். பல்கலைக்கழகம் என்று ஒன்று நமக்கு வேண்டும் என்பதற்கு நான் கண்ட காரணம் இதுதான். பயன் தெரியாத வேலையை ஒருவர் உண்மையாகச் செய்துகொண்டிருக்க அங்கே இடம் உண்டு. அந்த இடத்தில் உதவித்தொகை நேரத்துக்கு வர வேண்டும் என்று கேட்பதும் நியாயமே. அதைக் கேட்கும் மாணவர்களோடு நீயும் நில்.

கம்பெனி வேலையைத் தாழ்த்திப் பேச மாட்டேன். அங்கும் நல்ல அறிவியல் நடக்கிறது. அந்தக் குழந்தையின் மருந்தைக் குறுகிய காலத்தில் தயாரித்துக் கொடுத்ததில் கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு. உனக்கு அந்த வேலை பிடித்திருந்தால் போ, என் ஆசி உண்டு. ஆனால் எண்ணுவது வீண் என்ற நினைப்பில் போகாதே. அந்த நினைப்பு சரியில்லை என்பதற்குத்தான் இத்தனை பக்கம் எழுதினேன்.

இருப்பதென்று முடிவு செய்தால் அத்தை சொல்லும் சிலவற்றைக் கேள். ஒவ்வொரு தட்டுக்கும் தேதி, பாத்தி, நீரின் உப்பளவு மூன்றையும் எழுது. உனக்குத் தெரியும் என்பதற்காக எதையும் விடாதே. 30 ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு அது தெரியாது. எதிர்பார்த்தபடி வராத நாளையும் வந்த நாளைப் போலவே பதிவு செய். விநோதமாக ஏதாவது கண்ணில் பட்டால் உடனே அழிக்காமல் மறுபடி செய்து பார். அப்போதும் புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே எழுது. வாரத்தில் ஒரு மாலையாவது வேறு துறைக்குப் போய் உட்கார். வேதியியல் துறையில் தேநீர் குடி, தமிழ்த் துறையில் யாராவது பேசினால் போய்க் கேள். உன் கைடிடம் பேசத் தயங்காதே. அவரும் ஒரு காலத்தில் எண்ணிக்கொண்டிருந்தவர்தான்.

இன்னொன்று. நீ மாதிரி எடுக்க வரும்போதெல்லாம் வெயிலில் உப்பு வாருவதை நிறுத்திவிட்டு, எந்தப் பாத்தியில் நீர் சிவந்திருக்கிறது, எது நேற்று புதிதாகப் பாய்ச்சியது என்று காட்டிக்கொடுக்கிற அக்காக்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு உன் வேலையை ஒருநாள் உட்கார்ந்து விளக்கிச் சொல். அந்த நீரின் குணம் அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். அவர்கள் கேட்கும் கேள்வி உனக்குப் புது வழி காட்டவும் கூடும். ஈயின் மூளையைத் திருத்திய சாதாரண மக்களின் உழைப்பை அந்த ஆய்வாளர்கள் வெளிப்படையாகச் சொல்லி நன்றி செலுத்தினார்கள். நீ ஆய்வேடு எழுதும் காலத்தில், நன்றிப் பக்கத்தில் பேராசிரியர்களுக்கு அடுத்து இவர்கள் பெயரையும் ஒவ்வொன்றாகக் கேட்டு, எழுத்துப் பிழையில்லாமல் எழுது. நூலகத்துக்கு அந்தப் பிரதி வந்ததும் அத்தை முதலில் படிப்பது அந்தப் பக்கமாகத்தான் இருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு. கண்ணுக்கு ஓய்வு கொடு. என்ன முடிவு செய்தாலும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அத்தை